அரசன் அன்று, தெய்வம் நின்று

என் மகளுக்கு இரண்டு பிறந்தநாள். சர்ட்டிபிகேட்டில் மே பதிமூன்று, நிஜத்தில் ஆகஸ்ட் ஒன்பது. ஊரில் எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது, மே மாதத்துக்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். பிறப்பைப் பதியாமல் சோம்பேறித்தனமாக விட்டிருந்தது அன்று அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. தெரிந்த ஆளைப் பிடித்து, தாமதமாகப் பதியும் சாக்கில், பிறப்பை மூன்று மாதம் முன்னால் தள்ளி எழுதிக்கொண்டேன். பிள்ளைக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்திவிட்டேன் என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. பாஸ்போர்ட்டும் அதே தேதியில் வந்தது. அவளுக்கு ஐந்து வயதானபோது நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டோம்.

ஜாதகத்தில் மட்டும் கை வைக்கவில்லை. கோவிலில் அர்ச்சனைக்கு நிஜ நட்சத்திரத்தைத்தான் சொல்வோம். சர்க்காரிடம் பொய் சொல்லலாம், சாமியிடம் கூடாது. எங்கள் வீட்டு நியாயம் அது.

போன வசந்தத்தில் அவள் கல்லூரியில் மூன்றாம் வருடம். பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகங்களைப் பரப்பி, பழைய எகிப்து அரசர்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே நான் லேப்டாப்பில் குடியேற்றத் துறையின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். எந்தத் தேதி வரை விண்ணப்பித்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று மாதாமாதம் போடுவார்கள். மே பதிமூன்றுக்குள் எங்கள் தேதி திறந்தால் மூன்று பேரும் உள்ளே. அன்றோடு அவளுக்கு இருபத்தொன்று. அதற்கப்புறம் அவள் என் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள்.

"அங்க கிங்தான்பா காட்" என்றாள் ஒருநாள். "ரெண்டும் தனித்தனி டிபார்ட்மெண்ட் கிடையாது. டாக்ஸ் வாங்கறதும் அவர்தான், நைல்ல வெள்ளம் வர வைக்கறதும் அவர்தான்."

"வெள்ளம் வரலன்னா?"

"வெயிட் பண்ணுவாங்க. படிக்கட்டுல மார்க் போட்டு வெச்சு, தண்ணி எவ்ளோ ஏறிருக்குன்னு பார்த்துட்டே இருப்பாங்க."

என் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள மாதிரியே" என்று சிரித்தாள்.

அரியணை ஏறிய ஒரு ராணியைப் பற்றியும் சொன்னாள். பெண் ஆளலாமா என்று எவரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக, பெரிய தெய்வமே தன் தகப்பனின் உருவத்தில் வந்து தன்னைப் பெற்றதாகக் கோவில் சுவரில் செதுக்க வைத்தாளாம். "பதவிக்கு வந்த அப்புறம் பர்த் ஸ்டோரியவே சேஞ்ச் பண்ணிட்டாங்கப்பா."

"எல்.கே.ஜி. சீட்டுக்கா?" என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் அந்த ராணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். செத்த பிறகு, அடுத்து ஆண்ட அரசன் ஆட்களை அனுப்பிப் பல சுவர்களில் அவள் பெயரைக் கொத்தி எடுக்க வைத்தான் என்றாள். அப்போது அது எனக்கு வெறும் கதை.

மே பதிமூன்று வந்தது, கேக் வெட்டினாள், கதவு திறக்கவில்லை. ஜூன் முதல் தேதி திறந்தது. ஆபீஸ் போக பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது வக்கீலை அழைத்தேன். பத்தொன்பது நாள் தாண்டிவிட்டது, வயதில் கழித்துக்கொள்ளச் சட்டம் தரும் எந்தச் சலுகையும் உதவாது, நீங்களும் மனைவியும் விண்ணப்பம் போடலாம், மகளின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார். அவள் நிஜமாகப் பிறந்தது ஆகஸ்டில் என்று சொன்னேன். பதினாறு வருடமாக ஒவ்வொரு படிவத்திலும் மே பதிமூன்று உண்மை என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள், இப்போது மாற்றினால் மூன்று பேரும் மாட்டிக்கொள்வீர்கள் என்றார். ரயில் வந்து நின்று போய்விட்டது. நான் ஏறவில்லை.

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இரண்டும் ஒருவராகவே இருந்தால் என்ன ஆகும் என்று நம்மவர்கள் சொல்லி வைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விசாவைப் புதுப்பித்துக் கொடுத்து, பதினாறு வருடம் பொறுத்திருந்து, ஒரே காலையில் கொல்லும். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெயரைக் கொத்தி எடுக்க வேண்டிய படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். படிப்பு முடியும்வரை மாணவர் விசாவில் இருப்பாள். அதற்குப் பின் இங்கே அவளுக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. வக்கீலுக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலையில் கோவிலுக்குப் போனோம். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார், வழக்கம்போல உண்மையைச் சொன்னேன். மத்தியானம் மனைவி பாயசம் வைத்தாள். மகள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஸோ, இன்னிக்குதான் எனக்கு நிஜமா ட்வென்ட்டி ஒன்" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வக்கீல் சொன்னதை நான் அவளிடம் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

"ஆகஸ்ட்னே போட்டிருந்தா நானும் உள்ள இருந்திருப்பேன்ல?"

"ஆமாம்மா."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்பூனால் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த எல்.கே.ஜி. எனக்கு ஞாபகமே இல்லப்பா. நல்லா இருந்துச்சா?"

அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாதி நாள் அனுப்பவேயில்லை. இங்கே வந்ததும் திரும்பக் கிண்டர்கார்டனில்தான் உட்கார வைத்தார்கள். மே என்றாலும் ஆகஸ்ட் என்றாலும் இங்கே அவளுக்கு அதே வகுப்புதான் என்று அன்றே அந்தப் பள்ளியில் சொன்னார்கள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.