நகாசியில் கீரி எண்ணிய கதை

இந்தியாவிலிருந்து ஃபிஜிக்குக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கீரியை ஊரில் வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று நான் ஒரு நாடகம் எழுதினேன். அதில் அரசியல் இருப்பது எனக்குத் தெரியவில்லை. இதை அப்போது சொன்னபோதும் யாரும் நம்பவில்லை, இப்போதும் நம்பமாட்டார்கள். எழுதியது ‘கூ’ என்று நாங்கள் சொல்லும் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன்னால். ‘கூ’ நடந்து, கரும்பு வெட்டக் கப்பலில் வந்த இந்தியர் வம்சமான நம்மவர்களைப் பார்த்துத் தெருவிலேயே ‘திரும்பிப் போ’ என்று கத்த ஆரம்பித்த பிறகும், ஒரு வரியை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. நிறையப் படித்தவன் என்று பெயர் வேறு.

தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில், நகாசியில் எங்கள் சந்தில் கோழிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. சிலர் கூண்டு வைத்தார்கள், சிலர் விஷம் வைத்தார்கள், விஷத்தை நாய் தின்றது. கீரியோடு மனுஷன் சேர்ந்து வாழ வழி உண்டா என்று முறையாக ஆராய்ந்து, அதை நாடகமாகச் சந்து ஜனங்கள் முன்னால் போடுவது என் திட்டம். தினமும் காலையில் நோட்டோடு நடந்தேன். எந்தக் கீரி, எந்த மதகு, எந்த வேலி வழியாக, யார் வீட்டுக்குள் போனது என்று குறித்து, பார்த்த ஒவ்வொன்றையும் கணக்கில் கூட்டினேன். சந்து முழுவதையும் வரைபடமாகப் போட்டு, கீரி நுழையும் வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். வீடு வீடாய் விசாரித்தேன்.

“கீரியா? அது எங்க வூட்டுக்காரர விட ஒழுங்கு பையா. காலையில ஆறுன்னா ஆறு, டாண்ணு வந்துரும்” என்றார் கோடி வீட்டு அம்மா. அதையும் எழுதிக்கொண்டேன்.

கீரி வேஷம் என் தங்கை புருஷனுக்கு. ஆள் ஒல்லி, மூக்கு நீளம், ஒரு ஆபீசில் கணக்கர். நாடகம் எங்கள் ஃபிஜி இந்தியில்தான். தமிழில் போட்டால் சந்தில் மூன்று பேருக்குத்தான் புரியும், அதில் ஒருவருக்குக் காது கேட்காது. நோட்டை மட்டும் தமிழில் எழுதினேன். அப்பா அடித்துக் கற்றுக்கொடுத்த எழுத்து வீணாகப் போகக்கூடாதே.

கூ வந்ததும் கூட்டம் கூடத் தடை. ஒத்திகை நின்றது. கீரி முகமூடி, சாக்கில் தைத்த வால், நோட்டு, வரைபடம் எல்லாம் என் காரின் பின்பெட்டியிலேயே கிடந்தன. தங்கை குடும்பம் நியூசிலாந்துக்குப் போக எழுதிப் போட்டிருந்தது. எல்லாக் காகிதமும் தயார், ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை மீது எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் தரும் சான்று. அது இல்லாமல் விசா கிடையாது. அதற்காகச் சுவாவில் காலை பத்து மணிக்கு அவரை வரச் சொல்லியிருந்தார்கள். நான் காரில் கூட்டிப்போனேன். அவர் டை கட்டி, பழுப்பு உறையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வழியில் ராணுவச் சோதனை. எங்களுக்கு முன்னால் நின்ற வேன்காரரை இறக்கி, ரோட்டோரம் முட்டி போட வைத்திருந்தார்கள்.

“மச்சான், பின்னாடி ஒண்ணும் இல்லியே?” என்றார் மாப்பிள்ளை, உதடு அசையாமல்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியில் பின்பெட்டிப் பக்கம் பார்த்தேன்.

“அரே, சொல்லுய்யா!”

பின்பெட்டி திறந்தாயிற்று. நரைத்த மீசை வைத்த சிப்பாய் முதலில் முகமூடியை எடுத்தார். பிறகு வரைபடத்தை விரித்தார். சிவப்புப் புள்ளி வைத்த வீடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கொள்ளைக்காரர்கள் பூட்டிய வீடுகளைத் தேடித் திரிந்த நாட்கள் அவை.

“இது என்ன எழுத்து?” நல்ல ஃபிஜி இந்தியில் கேட்டார்.

“தமிழ், சார்.”

“படி. அர்த்தம் சொல்லு.”

படித்து அர்த்தம் சொன்னேன். “காலை ஆறு மணி. மதகுப் பக்கம். ஒன்று. வால் பாதிதான். மூன்றாம் வீட்டுக்குள் நுழைந்தது.” அடுத்த வரிக்கு முன் சிப்பாயை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். “வீட்டில் ஆள் இல்லை.”

“ம்ம். மேலே.”

“காலை ஆறேகால். வேலிச் சந்து. ஒன்று. வால் பாதி. ஐந்தாம் வீடு. வாசலில் நாய் இல்லை.”

சிப்பாய் நோட்டைப் பிடுங்கி மாப்பிள்ளையிடம் நீட்டினார். “இப்ப நீ படி. அதே பக்கம். ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றீங்களா பாக்கறேன்.”

மாப்பிள்ளைக்குத் தமிழ் பேசவே பாதிதான் வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார்.”

“உங்க பாஷை உனக்கே தெரியாதா?” துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு, பழுப்பு உறையை வாங்கிப் பார்த்தார். “வெளிநாடு போறியோ? இதெல்லாம் பாராக்ஸுக்குப் போகட்டும். நீயும்தான்.”

ராணுவ முகாமான பாராக்ஸுக்குப் போனால் பெயர் எழுதப்படும். பெயர் எழுதப்பட்டால் சான்று போயிற்று. மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, டையோடு, அந்தத் தார் ரோட்டில் நான்கு காலில் இறங்கினார்.

நாடகத்தில் கீரிக்கு நான் எழுதிய முதல் வசனம், ‘நானா வந்தேன்? கூண்டில் அடைத்துக் கப்பலில் ஏற்றியது யார்?’ என்பது.

அதை அவர் சொல்லவில்லை. “எஜமான், கோழி எடுத்தது நான்தான்!” என்று கீச்சுக் குரலில் அழுதார். “எலி புடிக்கத்தான் என்னைக் கொண்டாந்தீங்க. எலி ராத்திரியில வருது. எனக்கு ராத்திரி ஆனா தூக்கம் வருது. நான் என்ன செய்ய? மன்னிச்சிருங்க எஜமான், முட்டைய மட்டும் உட்டுட்றேன்!”

சிப்பாய் உற்றுப் பார்த்தார். “மனிபூசி?” என்றார், கீரிக்குப் பூர்வகுடி ஃபிஜியர்களின் பாஷையில் உள்ள பெயரை. பிறகு சிரிப்பு வெடித்தது. மற்றவர்களைக் கூப்பிட்டு மறுபடி செய்யச் சொன்னார். மாப்பிள்ளை மறுபடி செய்தார். முட்டி போட்டிருந்த வேன்காரரும் சிரித்தார். தன் அம்மா வீட்டில் ஆறு கோழி போனதாகச் சிப்பாய் எனக்குத் தகவல் தந்தார். குறித்துக்கொள்ளலாம் என்றால் நோட்டு அவர் கையில் இருந்தது. உறையைத் திருப்பிக் கொடுத்தார். நோட்டும் படமும் அவரிடமே தங்கிவிட்டன.

நான் மூன்று மாதம் திருத்திய வசனத்தில் ஒரு வரி கூட மிஞ்சவில்லை. இதைக் காரில் நான் சொல்லியிருக்கக்கூடாது. மாப்பிள்ளை முட்டியில் ஒட்டிய தாரைச் சுரண்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சான்று கிடைத்தது.

நாந்தி விமான நிலையத்தில் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை உள்ளே போகும் வரிசையில் நின்றவர், பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நானும் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“மச்சான், அன்னிக்கி நீ படிக்கிறப்ப கேட்டுக்கிட்டே இருந்தேன். எல்லா வரியிலயும் வாலு பாதிதான். நீ எண்ணுனது பூரா ஒரே கீரிய்யா.”