திராட்சைக்கொடி கட்டிய கேபிள்

கிராபிக்ஸ் கார்டு கம்பெனிக்காரர்கள் பூட்டைத் திறந்துவிட்டார்களாம். பக்கத்து ஊர் கொச்சானியில் அரிசி ஆலை வைத்திருப்பவரின் மருமகன் சொன்னதாக ரொட்டிக்கடை வாங்கெல் கொண்டுவந்த சேதி இது. மருமகனுக்குத் தலைநகர் ஸ்கோப்யேயில் யாரோ சொன்னார்களாம். இனிமேல் அந்த கார்டு, அடுத்த கம்பெனி மானிட்டரோடும் ஒத்துப்போகுமாம். விளையாடும்போது படம் கிழியாதாம். புது சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டால் போதுமாம், காசே கிடையாதாம்.

"எல்லாம் சரி, காசு கிடையாதுன்னியே, அங்கதான் நம்ப முடியல," என்றாள் மென்கா.

"அப்ப நம்பாத. நாளைக்கு நாலு மணிக்கு நவும் போன் பண்ணுவான்ல, அவன்கிட்டயும் இதையே சொல்லு," என்று வாங்கெல் மாவு படிந்த கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

மென்காவுக்குச் சுருக்கென்றது.

ஷ்டிப் ஊர்ச் சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவள் அவள். நூறு மெஷின் ஓடும் கூடத்தில் எந்த மெஷின் நூலறுக்கப் போகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். ஆலை மூடியபோது, கூட வேலை பார்த்தவர்கள் இத்தாலிக்குப் போகலாமா ஜெர்மனிக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்க, அவள் வீட்டின் கீழ்த்தளத்திலிருந்த விறகையும் மிளகாய்த்தொக்கு ஜாடிகளையும் வெளியேற்றிவிட்டு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை போட்டாள். மொத்தம் பத்து இருக்கை, அணிக்கு ஐந்து பேராக இரண்டு அணி உட்காரலாம். ஒருநாளும் அவள் விளையாடியதில்லை. ஆனால் ஏதாவது ஒரு பெட்டியின் விசிறி இருமினால் கையில் திருப்புளியோடு வந்து நிற்பாள்.

போன வருடம் பத்து மானிட்டர்களையும் மாற்றினாள். தள்ளுபடியில் கிடைத்த நல்ல மானிட்டர்கள்தான். என்ன, கார்டு ஒரு கம்பெனி, மானிட்டர் ஒரு கம்பெனி. இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விளையாட்டில் சட்டென்று திரும்பினால் எதிரே நிற்கும் தூண் இடுப்பில் வெட்டுப்பட்டு மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கமாகத் தெரியும். ஒத்தினா ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த கடையில் அந்தத் தொல்லை இல்லை. ஊர்ப் போட்டிகளை நடத்துகிற நவும் கறாராகச் சொல்லிவிட்டான்: "செத்ர்சே திருநாள் அன்னிக்கு நாலு மணிக்குக் கூப்பிடுவேன். பத்தும் சரியா இருந்தா இறுதிப் போட்டி உங்க கடையில. ஒண்ணு கிழிச்சாலும் அக்கரையில." போட்டி போனால் பையன்களும் பெண்களும் பின்னாலேயே போவார்கள் என்பது மென்காவுக்குத் தெரியும். அவள் மகன் இரண்டு வருடம் முன்பு வியன்னாவுக்குப் போய்விட்டான். மாலையில் அந்த வீட்டில் கேட்கும் சிரிப்பெல்லாம் இப்போது கீழ்த்தளத்தில்தான்.

செத்ர்சே விடிந்தது. நாற்பத்துநாலு கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு, எதிர்ப்படுகிற நாற்பத்துநாலு பேருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு ஊரே இசார் மலைக்குக் கிளம்பிவிட்டது. மென்கா மட்டும் கீழே இறங்கினாள். சேதி பொய்யில்லை. புது சாஃப்ட்வேர் வந்து இறங்கியது. ஆனால் மானிட்டரோடு ஒத்துப்போகச் செய்ய டிக் போட வேண்டிய கட்டத்தைத்தான் எங்கேயும் காணோம். பத்துப் பெட்டியிலும் தேடினாள், இல்லை. மலைக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்த வாங்கெல், மானிட்டரோடு வந்த காகிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அக்கா, இந்த வசதி மானிட்டரோட கூட வந்த கேபிள்ல மட்டும்தான் வேலை செய்யுமாம். நீ எதை மாட்டியிருக்க?"

மேஜைக்குள் ஆணியடித்துப் பதித்த பழைய மானிட்டர்களின் கேபிள்களையே புதியவற்றுக்கும் மாட்டியிருந்தாள். கூட வந்த பத்தையும் பத்திரமாக வைக்கச் சொல்லி ஸ்பாசேயிடம் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"ஸ்பாசே! அந்தக் கறுப்பு கேபிளெல்லாம் எங்க?"

புருஷன் ஸ்பாசே கல்யாணங்களுக்குப் பெரிய மேளம் அடிக்கிறவன். அவன் வீட்டில் இருக்கும்போது எப்போதும் எதையாவது தட்டுகிற சத்தம் கேட்கும். இப்போது சத்தமே இல்லை.

"ஸ்பாசே!"

"பத்திரமாத்தான் இருக்கு," என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

போய்ப் பார்த்தாள். போன வாரம் கவாத்து செய்து பந்தலில் ஏற்றிய திராட்சைக்கொடி, ஆறு கேபிளில் கம்பீரமாகக் கட்டுண்டு நின்றது. விறகுக்குப் போர்த்திய தார்ப்பாயில் இரண்டு. மேளப்பையின் வாய்க்கட்டாக ஒன்று.

"அடப்பாவி மனுஷா!"

"என்ன அடப்பாவி? மழையில ஊறினாலும் இத்துப்போகாது. நுனியில பல்லு வச்சிருக்கான் பாரு, அமுக்கினாத்தான் விடும். இந்த மாதிரிக் கயிறு கடையில கேட்டாக்கூடக் கிடைக்காது."

"ஒம்பதுதான் இருக்கு. இன்னொண்ணு?"

"பக்கத்து வீட்டுத் தோதோராவோட கேட்டுக்குக் கொடுத்தேன். ஆடு ஓடிடுதுன்னு அழுதா."

"எல்லாத்தையும் அவிழு."

"கொடி சரிஞ்சுடும்டி! தளிர் விடற நேரம்!"

மென்கா அவன் எதிரே வந்து நின்றாள். "சரி, ஒண்ணு சொல்லு. கல்யாணத்துல கைகோத்து ஆடற வரிசைக்கு முன்னால போறவன் ஒத்தக் காலைத் தூக்கிட்டு அப்படியே நிக்கறான். நீ என்ன பண்ணுவ?"

"அவன் காலையே பாத்துக்கிட்டிருப்பேன். கீழ வைக்கறப்பதான் அடி விழும்."

"அதைப் பாக்காம கடிகாரத்தப் பாத்து அடிச்சா?"

"அந்தப் பந்தியிலேயே என்னை உரிச்சுத் தொங்கவிடுவாங்க."

"கீழ இருக்கிற பத்து மானிட்டரும் கடிகாரத்தப் பாத்துத்தான் அடிக்குது. கார்டு படத்தை வரைஞ்சு முடிச்சுதா, பாதியில இருக்கான்னு பாக்கறதே இல்ல. அதான் பாதி பழசு, பாதி புதுசுன்னு கிழியுது. இந்த கேபிளைப் போட்டாத்தான் மானிட்டர் கார்டோட காலைப் பாக்கும்."

"பத்து பேருமா அப்படி அடிக்கறாங்க? ஒரு வருஷமாவா?" என்றான் ஸ்பாசே உண்மையான அதிர்ச்சியோடு. உள்ளே போய்க் கத்தரியோடு வந்தான்.

"கத்தரி எதுக்குய்யா!" என்று மென்கா போட்ட கூச்சலில் வாங்கெலின் கையிலிருந்த கூழாங்கற்கள் சிதறின.

விரலாலேயே அவிழ்த்தார்கள். ஒவ்வொரு கேபிள் கழன்றதும் அந்த இடத்தில் சட்டைத் துணிப்பட்டை ஒன்றைக் கட்டினாள் மென்கா. ஆலையிலிருந்து கொண்டுவந்த மூட்டை இன்னும் தீரவில்லை. கோடு போட்டது, கட்டம் போட்டது என்று கொடி மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது.

பத்தாவதற்கு வாங்கெலை அனுப்பினாள். தோதோரா மலைக்குப் போயிருந்தாள். கேட்டில் கட்டியிருந்த கேபிளை அவிழ்த்து வேலிக்கு மேலாக மென்காவிடம் வீசிவிட்டான். கேட்டை விட்டால் ஆடு வெளியே வந்துவிடும், கட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை. ஆகவே பிடித்துக்கொண்டு நின்றான். ஆடு அவன் சட்டை நுனியை நிதானமாகத் தின்றது. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு நாற்பத்துநாலு வணக்கத்தில் குறைந்ததையெல்லாம் தீர்த்துக்கொள்ள, அசையாமல் நிற்கும் ஓர் ஆள் கிடைத்தான்.

"வணக்கம் வாங்கெல்!"

"வணக்கம், வணக்கம். யாராவது ஒரு கயிறு கொடுங்கய்யா!"

மூன்று மணிக்குத் தோதோரா வந்து, "என் வீட்டுக் கேட்டைத் திருட வந்தவன் இன்னுமா தூக்கிட்டுப் போகல?" என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு விடுதலை.

அதற்குள் அடுப்பருகே காய்ந்த பத்துக் கேபிளும் துடைத்து மாட்டியாகிவிட்டது. கட்டம் வந்தது. டிக் போட்டாள். விளையாட்டைத் திறந்து வலமும் இடமும் திருப்பினாள். தூண் முழுசாக நின்றது, ஒன்பதிலும். பத்தாவது மானிட்டரில் மட்டும் கட்டம் வரவில்லை. மணி மூன்றே முக்கால். கேபிளைக் கழற்றி மாட்டினாள், பக்கத்துக் கேபிளோடு மாற்றிப் பார்த்தாள். அப்போதும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓடிவந்த நர்ஸ் பிலியானா, இறுதிப் போட்டி அணியின் தலைவி, பின்னால் நின்று நகத்தைக் கடித்தாள்.

"அத்தை, போன மாசம் கண்ணு கூசுதுன்னு இந்த மானிட்டரோட மெனுவுல நான் எதை எதையோ நோண்டினேன். அதுல ஏதாவது..."

மென்கா மானிட்டரின் கீழ் விளிம்பைத் தடவிப் பொத்தானைப் பிடித்தாள். ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கடைசிக்கு முந்தின வரியில் அந்த வசதி இருந்தது, அணைந்து. போட்டாள். திரை ஒருகணம் இருண்டு, மறுபடி ஒளிர்ந்தது. கட்டம் வந்துவிட்டது.

"திருப்பு அத்தை! திருப்பிப் பாரு!"

திருப்பினாள். தூண் உச்சி முதல் அடிவரை ஒரே தூணாக, வெண்ணெயில் கத்தி போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. பிலியானா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஸ்பாசே கையில் கிடைத்த நாற்காலியைத் தட்டத் தொடங்கினான். வாசலில் பாதிச் சட்டையோடு வாங்கெல் வந்து நின்றான்.

கல்லாமேசையில் போன் அடித்தது.

"நவும்தான்! எடு, எடு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"இருங்கடா," என்றாள் மென்கா. வாழ்க்கையில் முதல்முறையாக விளையாடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நடக்கறதுக்கு எந்தப் பொத்தான்?" பிலியானா அவள் விரலை எடுத்து வைத்தாள். மென்கா தூணைத் தாண்டி, வளைவுக்குள் நுழைந்து, வெயில் விழுந்த ஒரு முற்றத்துக்கு வந்தாள். ஒரு வருடமாக ஊர்க்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த இடம் இவ்வளவு அழகாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. அங்கே நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.