சிவந்த உள்ளங்கையோடு பென்னலூர் வரை

முதலில் கண்ணில் பட்டது என் உள்ளங்கைதான். வியாழக்கிழமைதோறும் எங்கள் விடுதியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். வரிசையில் நின்று கையை நீட்ட வேண்டும். அன்று எனக்கு முன்னால் நீண்ட கைகள் எல்லாம் வெளிறிக் கிடந்தன. என்னுடையது மட்டும் மருதாணி வைத்துக் கழுவியதுபோல் சிவந்திருந்தது. வார்டன் ஸ்டெல்லா அக்கா அதைக் கவனிக்கவில்லை. மாத்திரையை வைத்துவிட்டு, "அடுத்தது யாரு? இன்னா நின்னுகினே தூங்கறியா, நவுரு" என்றார். நானும் விழுங்கிவிட்டு நகர்ந்தேன்.

என் ஊர் சங்கரன்கோவில் பக்கம். வயது பத்தொன்பது. பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டேன். ஒரு வருடமாக ஒரகடத்தில், காருக்குள் போகும் வயர்களைக் கட்டும் கம்பெனியில் வேலை. விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர்.

வந்த நாளிலிருந்தே எனக்கு அசதி. எழுந்ததும் தலைவலி. அசதி என்றால் உடம்பில் ரத்தம் இல்லை என்றுதான் எங்களுக்குத் தெரியும். அறையில் பாதிப் பேருக்கு அதுதான் நிஜமும். ஆனால் அந்த மாத்திரை அவர்களுக்குப் பிடிக்காது, வயிறு கட்டிக்கொள்ளும். அதனால் வியாழக்கிழமை இரண்டு மூன்று பேர் தங்கள் மாத்திரையை என்னிடம் தருவார்கள். "நீதான் ரொம்ப வாடிக் கெடக்க, நீ தின்னு" என்பார்கள். அன்பாகத்தான். மறுத்துப் பேச எனக்கு வராது. எல்லாவற்றையும் தின்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் குறட்டை விடுவேன். அதனால் ஏற்கெனவே இரண்டு அறை மாற்றிவிட்டார்கள். கார்களை அடுக்கிக்கொண்டு எங்கள் சாலையில் போகுமே, நீளமான வண்டி, அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்திருந்தார்கள்: டிரெய்லர். எல்லாரும் தூங்கும்வரை நான் தூங்குவதில்லை. தொடையைக் கிள்ளிக்கொண்டே விழித்திருப்பேன்.

போன மாதம் கம்பெனியில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை நடந்தது. எனக்கு ஹீமோகுளோபின் பதினெட்டு என்று வந்தது. நர்ஸ் மிஷின் மேல் சந்தேகப்பட்டு இன்னொரு விரலில் குத்தினார். அதே பதினெட்டு. "ஆம்பளைங்களுக்கே இது ஜாஸ்தி" என்றார். ஒரு வாரத்துக்குள் பென்னலூர்ப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, என்ன காரணம் என்று ரிப்போர்ட் கொண்டு வர வேண்டும் என்று ஹெச்.ஆரில் சொன்னார்கள். ரிப்போர்ட் இல்லாவிட்டால் உற்பத்தி லைனில் ஏற்ற மாட்டார்கள். லைன் இல்லாதவளுக்கு விடுதியும் இல்லை. ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் எனக்காகக் காத்திருப்பது கல்யாணப் பேச்சு ஒன்றுதான்.

ஒரகடத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று போனில் தேடினேன். சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களுக்கான வழிதான் கிடைத்தது. விடுதியிலிருந்து போகிற பெண்ணுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முந்தின நாளே பரிந்துரைச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். துணைக்கு என் கீழ்க்கட்டில் மாரியக்கா வந்தாள். கோவில்பட்டிக்காரி. இந்த அறையில் என் குறட்டையைப் பற்றி வார்டனிடம் முதலில் புகார் சொன்னவளும் அவள்தான். "தனியாப் போனா நீ வாயத் தொறக்க மாட்டட்டி, நானும் வாரேன்" என்று அவளாகவே கிளம்பினாள்.

எங்களுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கு விடுதியில் இறக்கிவிட்டது. குளித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஒரகடம் கூட்டுரோடு வரை இரண்டு கிலோமீட்டர், நடைதான். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன் என்பதால், ஒரு வருடம் போய்வந்த சாலையை அன்றுதான் வெயிலில் பார்த்தேன். சாலை ஓரமாக நிஜ டிரெய்லர்கள் வரிசையாக நின்றன, பத்துப் பன்னிரண்டு இருக்கும். மாரியக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஏனோ சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கூட்டுரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் நிறுத்தத்தில் நில்லுங்கள். நாலு பக்கமும் சாலை பிரிவதால் எங்களைப்போல் எதிர்ப்பக்கம் நின்று ஒரு பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் லாரி நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகும். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்ஸும் வரும், கூட்டமாக வரும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆஸ்பத்திரி பென்னலூர்ப் பக்கம். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது ஓட்டுநர் அண்ணன் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இது, கியர் மாத்தறதுக்குள்ள தூங்கிட்ச்சு?"

"நைட் ஷிஃப்ட்டுண்ணே" என்றாள் மாரியக்கா.

"இந்த ரோட்ல எந்தப் பொண்ணு ஏறுனாலும் நைட் ஷிஃப்ட்டுதாம்மா. ஆனா இத்தோட கொறட்டையில என் வண்டி சத்தமே எனக்குக் கேக்கல!"

ஆட்டோவில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இறங்கியபோது பாக்கிச் சில்லறையை வாங்காமலே நடந்துவிட்டேன். மாரியக்காதான் திரும்பிப் போய் வாங்கி வந்தாள். அங்கே வேறு ஏதோ காரமாகச் சொல்லிவிட்டும் வந்தாள் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் பதினொரு மணியோடு ஜன்னலை மூடிவிடுவார்கள். பத்துக்குள் போய்விடுங்கள். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஹீமோகுளோபின் கூடினால் என்ன என்று போனில் படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைத் தாண்டி நான் எதையும் படித்திருக்கவில்லை.

டாக்டரம்மா என் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "டான்சில் ரெண்டும் இவ்ளோ பெருசா இருக்கே! நீ கொறட்டை விடுவியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லும்மா. தூங்கும்போது மூச்சு நிக்குதா? யாராவது பார்த்திருக்காங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் மாரியக்கா நெளிந்தாள்.

"நிக்கும் டாக்டர். நாங்க எண்ணுவோம்."

"எண்ணுவீங்களா?"

"வெளையாட்டுக்கு. இவ கொறட்டை விட்டுட்டே இருப்பா, திடீர்னு சத்தம் நின்னுரும். திரும்ப எப்ப வருதுன்னு பந்தயம் வச்சி எண்ணுவோம். ஒருநா முப்பத்தெட்டு வரைக்கும் போச்சு. நாந்தான் செயிச்சேன், புரோட்டா வாங்கித் தந்தாளுக." அதோடு அவள் குரல் உள்ளே போய்விட்டது. "அது மூச்சு நிக்குததுன்னு எங்களுக்குத் தெரியாது டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் திட்டவில்லை. "நல்லவேளை எண்ணினீங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு எனக்கு விளக்கினார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது. அப்போது உடம்புக்கு ஆக்சிஜன் போதவில்லை. போதாததைச் சரிக்கட்ட உடம்பு சிவப்பணுக்களை மேலும் மேலும் உண்டாக்குகிறது. எனக்கு எங்கள் லைன் ஞாபகம் வந்தது. சரக்கு வரத்துக் குறைந்தது தெரியாமல், உற்பத்தி குறைகிறதே என்று ஆளை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? வேலை நடக்காது, நெரிசல்தான் மிஞ்சும். ரத்தம் அப்படித்தான் கெட்டியாகியிருக்கிறது. அப்படியே விட்டால் எங்காவது உறைந்து அடைத்துக்கொள்ளலாம். இதில் நான் மற்றவர்களின் இரும்பு மாத்திரையையும் சேர்த்துத் தின்றிருக்கிறேன்.

"அந்த மாத்திரைய இன்னையோட நிறுத்து. வேற காரணம் இருக்கான்னும் ஒரு டெஸ்ட் அனுப்பறேன். தூக்கத்துல மூச்சு நிக்கறது உறுதியாச்சுன்னா காத்து குடுக்கற மிஷின் வச்சுத் தூங்கலாம், டான்சில எடுக்கணுமான்னும் பார்க்கலாம். வேலைய விட வேண்டியதில்ல, உன் கம்பெனிக்கு நான் எழுதித் தரேன்." பிறகு கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் காட்டினார். அதிலிருந்து ஒரு வயர், விரலில் செருகும் விளக்குள்ள விரல்மாட்டிக்குப் போனது. "இதை மாட்டிக்கிட்டுத் தூங்கணும். பகல்ல தூங்கினாலும் சரி. ஆனா நாலு மணி நேரமாவது நல்லா தூங்கினாத்தான் ரிப்போர்ட் வரும். நாளைக்குக் காலையில திருப்பிக் குடுத்துடணும், அடுத்த ஆளு காத்துக்கிட்டிருக்காங்க."

ரத்தம் எடுக்க ஊசி குத்தியதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கிள்ளிக்கொண்டு விழித்துக் கிடப்பவள் நாலு மணி நேரம் எப்படித் தூங்குவது? எட்டுப் பேர் அறையில், விரலில் விளக்கு எரிய?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இ.எஸ்.ஐ. சீட்டு இல்லாமல் போகாதீர்கள். விரல்மாட்டி போடும் விரலில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், அளவு தப்பாகக் காட்டுமாம். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, எனக்கு யாரும் சொல்லாததால் பட்டினியோடு போய் மயக்கம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இட்லி கிடைக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் இரும்பு மாத்திரையைத் தூக்கிப்போடவும் வேண்டாம். நம்மில் நிறையப் பேருக்கு அது தேவைதான். ரத்தம் பார்த்துவிட்டு, உங்கள் மாத்திரையை நீங்களே தின்னுங்கள், அடுத்தவளுக்குத் தராதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் தூங்குவதைப் பார்த்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் உங்களைக் கேலி செய்தவளாக இருந்தாலும் பரவாயில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாரியக்கா ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டாள். ஒரகடம் வரப்போகும்போது, "முப்பத்தெட்டுன்னா எவ்வளவு நேரம்னு இப்ப மூச்சப் புடிச்சிப் பாத்தேன்ட்டி" என்றாள். "முடியல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விடுதிக்கு வந்தபோது மணி ஒன்றரை. அறையில் நைட் ஷிஃப்ட் பெண்கள் துணி துவைத்து, மதியச் சாப்பாடும் முடித்து, அப்போதுதான் ஜன்னலில் துப்பட்டாவைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலை துவட்டிக்கொண்டிருந்தாள், ஒருத்தி போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "டிரெய்லர் வந்துட்டுடோய்" என்றாள் சாந்தி. மாரியக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். மற்றவர்கள் என் கையில் இருந்த கருவிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

கருவியை மணிக்கட்டில் கட்டினேன். விரல்மாட்டியைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டில் ஏணியில் பாதி ஏறி நின்று, அந்த அறையில் முதல்முறையாக எல்லாருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"நான் தூங்கப் போறேன். சத்தம் வரும். என்னை எழுப்பிராதீங்க."

மேலே ஏறி, மற்றவர்கள் படுக்கும் முன்பே படுத்து, கண்ணை மூடினேன்.