களத்தில் அலறிய வாட்ச்

“…வுழுந்தா சொல்றதுக்கு வந்தது இல்லடா இது. நான் இன்னா பண்றேன்னு சொல்றதுக்கு வந்தது” என்றாள் அக்கா. சொல்லும்போதே கையிலிருந்த வாட்சை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதன் காதில் விழக்கூடாதாம்.

நான் அவளுடைய களத்து ஓரத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். அக்கா விழுந்துவிட்டதாக ஓசூரிலிருந்து அவள் மகள் போன் செய்ததும், புதூர்நாட்டில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தவன். வந்து பார்த்தால், தலையெல்லாம் சாமைத் தூசியோடு, கையில் தடியோடு, தூண் மாதிரி நிற்கிறாள்.

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாமா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். மழைக்காலத்தில் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து, ஆடு மேய்த்தவர்கள் பார்க்கும் வரைக்கும் எழ முடியாமல் கிடந்தாள். மகள் வந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு, காட்டு வேலைக்குப் போகாமல் வீட்டோடு இரு, இல்லாவிட்டால் நிலத்தை யாருக்காவது வாரக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு கிளம்பு. அக்கா வாட்சைக் கட்டிக்கொண்டாள். காட்டு வேலையை விட்டுவிட்டேன் என்றும் சொல்லிவைத்தாள். அது பொய் என்று எங்கள் ஊர் மாடுகளுக்குக்கூடத் தெரியும். மகளுக்கு மட்டும்தான் தெரியாது.

வாட்சில் வேலை ஒன்றும் பெரிதில்லை. விழுந்தால் அது அதிரும். ஒன்றுமில்லை என்றால் பச்சையை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் மகளுக்கு அதுவே போன் போட்டுவிடும். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அக்கா பச்சைப் பக்கம் விரலைக் கொண்டுபோக மாட்டாள்.

“அமுக்குனா எதுக்கோ ஒத்துக்கின மாதிரி ஆயிடும். கைநாட்டு வெச்சி ஏமாந்தவங்கள நான் பாத்திருக்கேன்.”

ஒரு நாள் கடைக்கே வந்து குற்றம் சாட்டினாள். “வூட்டுல மெதுவா படுத்துப் பாத்தேன்டா. கம்முனு இருக்குது.”

“தடால்னு வுழுந்தாத்தான்க்கா அதுக்குத் தெரியும்.”

“அப்ப இதுக்காக நான் இடுப்ப ஒடச்சிக்கணுமா?”

சாமை அறுத்துக் களத்துக்கு வந்தபோது அவளுக்கு வேறு சந்தேகம். எங்கள் பக்கம் களத்துக்குள் செருப்புக் காலோடு யாரும் போக மாட்டோம். தோல் எதுவும் உள்ளே வரக்கூடாது. வாட்சின் பட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது தோலா, ரப்பரா?”

நான் முகர்ந்து பார்த்தேன், நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். ரப்பர்தான் என்றேன். அதை நம்பித்தான் வாட்சோடு களத்தில் இறங்கியிருக்கிறாள். தடியைத் தலைக்கு மேலே ஓங்கிக் கதிர்மேல் போட்ட போடில், ஆள் விழுந்துவிட்டதாக வாட்ச் நினைத்துக்கொண்டது. அதிர்ந்தது, அலறியது. அக்கா பச்சையை அமுக்கவில்லை. ஓசூருக்குப் போன் போய்விட்டது. வாட்சிலேயே மகள் குரல் வந்து கூப்பிட்டும், பதில் பேசாமல் அக்கா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாளாம்.

இப்போது என் போன் அடித்தது. மகள்தான்.

“மாமா, அம்மாக்கு அடி பட்டுதா?”

“ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்குது.”

“எங்க இருக்குது? வூட்டுலயா, களத்துலயா? எனக்கு உண்மையச் சொல்லுங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். வீடு என்று சொல்லச் சொல்லி அவள் கண்ணைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“களத்துலதான்டி இருக்கேன். சாமை அடிச்சினு இருக்கேன். நாளைக்கும் அடிப்பேன்.”

அந்தப் பக்கம் மகளின் குரல் உடைந்து கேட்டது. “ஓடையில கெடந்தியேம்மா. யாரும் பாக்காம இருந்திருந்தா?”

அக்கா தடியைக் கீழே வைத்தாள்.

“ஓடைக்குப் போறப்ப கட்டிக்கினு போறேன். காடு மேடு ஏறுறப்பவும் கட்டிக்கிறேன். களத்துல மட்டும் இது வேணாம். உனக்குக் கோள் சொல்ல இங்க ஒண்ணும் இல்ல, நானே சொல்லிட்டேன்.”

மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்கக்கூட நிற்கவில்லை. போனை என் கையில் திணித்தாள். வாட்சைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தடியை எடுத்து ஓங்கினாள்.