பழுக்காத வாளி

எங்கள் செம்மண்டலம் வீட்டு மொட்டைமாடியில் காய்த்த கத்தரிக்காயைத் தின்றவர்கள், என்ன மண் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். மண்ணில் ஒன்றுமில்லை, எல்லாம் என் சித்தியின் வாளியில் இருந்தது. அம்மாவின் தங்கையான அவள் அப்போது எங்களோடுதான் இருந்தாள். முதுநகர் மீன்காரம்மாவிடம் செதிலும் குடலும் வாங்கிவந்து, வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, மூடி வைப்பாள். முதலில் தெருவே மூக்கைப் பிடிக்கும். சில வாரம் போனால் அதே வாளியில் பழவாசனை வரும். 'பழுத்துடுச்சி' என்பாள் சித்தி. மாம்பழம்தான் பழுக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, மீனையே பழுக்க வைக்கிற சித்தியைவிடப் பெரிய ஆள் கடலூரில் இல்லை.

எல்லாவற்றுக்கும் அவளிடம் சட்டம் உண்டு. கீரைக்கும் கத்தரிக்கும் மீன் கரைசல். பூச்செடிக்கு வாழைப்பழத்தோல் ஊறின தண்ணீர். எதுவானாலும் ஒரு பக்கெட் தண்ணீருக்குச் சின்ன மூடியளவுதான், கூடினால் வேர் வெந்துவிடும். அதையும் வெயில் தாழ்ந்துதான் ஊற்றவேண்டும். வாய்ப்பாடு தெரியாத எனக்கு இதெல்லாம் மனப்பாடம். சித்தி தப்பாக ஊற்றி நான் பார்த்ததே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அந்த வருஷம் சிதம்பரத்தில் விவசாய மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பெரியமாமாவோ திட்டக்குடியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மாமாவிடம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. சித்தி மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

"ஜாஸ்தி படிச்சி என்னா பண்ணப்போற?" என்று மாமா பேச்சை முடித்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் உச்சிவெயிலில் வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா காபி கலந்துகொண்டிருந்தாள். பட்டுப்புடவையோடு சித்தி வாசலுக்கு வந்தாள். கையில் வாளி. முந்தின நாள்தான் மூடிவைத்த வாளி அது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல், தான் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த வாசல் மல்லிகைத் தொட்டியில் அப்படியே கவிழ்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன நாற்றம் இது என்றார்.

"மீன் கொடலுங்க. எனக்கு தெனம் இதான் வேல. கல்யாணம் ஆனாலும் விடமாட்டேன்," என்றாள் சித்தி, வெகு மரியாதையாக.

எனக்குத் தாங்கவில்லை. "சித்தி, அது இன்னும் பழுக்கல! மல்லிக்கு வாழத்தோல்தான! இந்த வெயில்ல ஊத்தக்கூடாதுன்னு நீதான சொன்ன!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"மறந்துட்டேண்டி," என்றாள்.

வந்தவர்கள் காபி குடிக்காமலே வேனில் ஏறினார்கள். இவளை எவன் கட்டுவான், போய்ப் படித்துத் தொலையட்டும் என்று மாமாவும் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் சித்தி தொட்டி மண்ணைச் சுரண்டி எடுத்து, வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். இலையெல்லாம் கருகித் தொங்கியது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை போய்விட்டாரே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, வேற மாப்பிள்ளை வருவாங்க சித்தி என்று சமாதானம் சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தாள். மல்லிகை பிழைக்கவில்லை.

அவள் சிதம்பரம் பஸ் ஏறிய அன்று வழியனுப்ப நானும் போனேன். பெரிய படிப்பு படிக்கப்போகிறவள் அங்கேயும் எதையாவது மாற்றி ஊற்றி மானத்தை வாங்கிவிடப்போகிறாளே என்று எனக்கு ஒரே கவலை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூச்செடிக்கு வாழைத்தோல், வெயில் தாழ்ந்த பிறகு, சின்ன மூடியளவு என்று முதலிலிருந்து ஒப்பித்தேன்.

சித்தி கடைசிவரை கேட்டாள்.

"இனிமே மறக்கமாட்டேண்டி," என்றாள், எதையுமே மறக்காத என் சித்தி.