ஐரோப்பாவுக்குக் கையசைத்த நாள்

தொலைக்காட்சியில் மறுபடியும் கைகுலுக்குகிறார்கள். ஐரோப்பாவும் தென்கிழக்கு ஆசியாவும் தாராள வணிகம் பேசுகின்றனவாம். மேசைமேல் குட்டிக் கொடிகள். அவற்றைப் பார்த்தால் போதும், எனக்குக் கை தானாக அசையப் பார்க்கும்.

தாத்தா மலேசியாவில் நிபோங் திபால் ரப்பர்த் தோட்டத்தில் சீவிய பால் கப்பலேறி அந்தக் கண்டத்துக்குத்தான் போனது. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் அவர் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பார். அப்புறம் துரைகளே பாயான் பாரு பக்கம் வந்து தொழிற்சாலை கட்டினார்கள். அம்மா அங்கே, நகத்தைவிடச் சின்னக் கணினிச் சில்லுகளில் முடியைவிட மெல்லிய பொன்கம்பி இணைத்தாள். பாதி மாதம் இரவு ஷிப்டு. அவள் திரும்பும்போது நான் பள்ளிக்குப் போயிருப்பேன். நான் திரும்பும்போது அவள் உறங்கிக்கொண்டிருப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவுக்காக ஏங்கிய பிள்ளை நான்.

அப்போது ஒருமுறை, ஐரோப்பாவிலிருந்து ஓர் அமைச்சர் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார், வரவேற்கத் தொழிலாளர் பிள்ளைகள் கொடியோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நல்லா ஆட்டுடி. அவங்க மனசு குளிர்ந்தா இன்னொரு கட்டடம் கட்டுவாங்க" என்றாள் எங்களோடு இருந்த அத்தை.

எனக்குக் கட்டடம் எதற்கு? கண்ணாடிச் சுவர் வழியே வேலை நடப்பது தெரியுமாம். அம்மா ஒரே ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தால் போதும்.

தொழிற்சாலைக்குள்ளே பவுடர், பூ, பொட்டு எதுவும் கூடாது. தூசு விழுந்தால் சில்லு கெட்டுவிடும். அமைச்சர் வரும் நாளில் அம்மாவுக்குப் பகல் ஷிப்டு. அன்று காலையும் வெறும் நெற்றியோடு கிளம்பியவளை அத்தை விடவில்லை.

"எங்கண்ணன் இங்க கல்லாட்டம் உட்கார்ந்து கோப்பி குடிக்குது. நெத்தியப் பாரு!"

"சில்லுக்கு உங்கண்ணனைவிட ரோசம் ஜாஸ்தி லா. ஒரு தூசு பட்டாலே செத்துப்போவும்" என்று அம்மா சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிறகு நானும் அத்தையும் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தலைமுதல் கால்வரை வெள்ளை உறைக்குள். கண்கள் மட்டும் வெளியே. மலாய்க்காரரா, சீனரா, தமிழரா, யார் சொல்வது? அத்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள்.

"அடியே, எல்லாம் மாவுல விழுந்த பூனை மாதிரி நிக்குதுங்க. இதுல எதுடி உங்கம்மா?"

அமைச்சர் வந்தார். பிள்ளைகள் எல்லாம் அவரைப் பார்த்துக் கொடியாட்ட, நான் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்து ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஓரத்து மேசையில் ஓர் உருவம் நிமிர்ந்தது. என்னையே பார்த்தது. உறையிட்ட கை மெல்ல எழுந்து அசைந்தது. அந்தக் கண்கள் நிறைந்து மின்னின. சூப்பர்வைசர் அருகில் வந்து நிற்கும்வரை கை இறங்கவில்லை. நான் அன்று உலகத்தையே ஜெயித்திருந்தேன்.

மாலையில் வாசலிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "நீ கை காட்டினியேம்மா!"

"நானா? ஆளுங்க வந்தா தலையே தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க கண்ணு. நீ எங்க நின்னேன்னுகூட எனக்குத் தெரியாது."

"ஓரத்து மேசையில இருந்து காட்டினியே?"

அம்மா பையைக் கீழே வைத்தாள். "அது தூரத்துல கிளந்தான்லேர்ந்து புதுசா வந்த அக்கா. ஹாஸ்டல்ல தங்கியிருக்கு. புள்ளைய ஊருல விட்டுட்டு வந்திருக்கு. உன் வயசுதான்."

கொடியைத் தரையில் எறிந்தேன். என் அம்மாவின் கையை யாரோ ஒருத்தி திருடிக்கொண்டாள் என்று விக்கி விக்கி அழுதேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவளுக்கு நான் யாராகத் தெரிந்தேன் என்று கேட்கத் தெரியாத வயது.