துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் இடம்

பசங்களா, நேற்று டிவியில் யாரோ ஒருவருக்கு அரசு மரியாதை நடந்தபோது, "குண்டே இல்லாம எதுக்குப்பா சுடறாங்க, சும்மா சத்தத்துக்கா?" என்று கேட்டீர்கள். வேலையிலிருந்து வந்த அலுப்பில், "ஆமா, போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டேன். அது சரியான பதில் இல்லை. சரியான பதில் எனக்கே முழுசாகத் தெரியுமா என்பது சந்தேகம்தான். தெரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

என் சித்தப்பா, அதாவது உங்கள் தாத்தாவின் தம்பி, பட்டாளத்தில் இருந்தார். வடக்கே மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். உடம்பு வந்துசேரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அழுகையே அலுத்துப்போய், சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வந்தபோது ஊரே வாசலில் நின்றது. மாலை போட வந்தவர்களும் படம் பிடிக்க வந்தவர்களும் நெருக்கியடித்ததில் சித்தி ஓரமாகத் தள்ளப்பட்டாள். கைக்குழந்தையோடு அவளால் பெட்டியை நெருங்கவே முடியவில்லை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதற்குள், நேரமாகிவிட்டது என்று தூக்கிவிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை என்பதால் கொள்ளிச்சட்டி என் கைக்கு வந்தது. பெரிய ஆளாகிவிட்ட நினைப்பு எனக்கு. துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்க்கப் போகிறோம் என்பதும் உள்ளே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குள் வருவதில்லை. ஏரிக்கரையோடு நின்றுவிட வேண்டும். கரை சுடுகாட்டுக்கு ரொம்பக் கிட்டம். அந்த மேட்டில் நின்றால் கீழே நடப்பதெல்லாம் தெரியும். சித்தி மற்றப் பெண்களோடு அங்கே நின்றாள்.

தர்மபுரியிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் சிதைக்கு முன்னால், கரையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அவர்களை நடத்தி வந்தவர் ஓர் ஏட்டு. நரைத்த மீசை, முதுகெல்லாம் வேர்வை. காலையில் வேறு எங்கேயோ பந்தோபஸ்து முடித்துவிட்டு நேராக வந்தவர்களாம். ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியையும் திறக்கச் சொல்லி, குழாயை வெளிச்சத்துக்குக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். தோட்டாக்களை வாங்கி ஒவ்வொன்றின் முனையையும் கட்டைவிரலால் தடவினார். முனை கூராக இல்லை, பூமொக்கு மாதிரி மடிந்திருந்தது. தடவிப் பார்த்த பிறகே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் நிமிர்ந்து கரையைப் பார்த்தார்.

"அந்த மேட்டுல நிக்கறவங்க எறங்கணுங்க" என்றார் அப்பாவிடம்.

"பொம்பளைங்கதானுங்க. ஒதுங்கித்தான் நிக்கறாங்க."

"கொழாயத் தூக்குனா நேரா அவங்க மூஞ்சிக்குத்தான் போவுது. எறங்காம நான் சுடமாட்டேன்."

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, குறுக்கே வந்தார். "வெறுந் தோட்டாதானே ஏட்டய்யா? எங்கூட்டுப் பசங்க தீவாளிக்கு வெடிக்கறதவுட இது பெருசா?"

ஏட்டுக்குக் கோபம் வரவில்லை. ஊர் ஊராகச் சொல்லிச் சலித்ததை இன்னொரு முறை சொல்கிற குரலில் சொன்னார்.

"ஈயம் இல்லீங்க, மருந்து இருக்குதில்ல. கொழா வாயில நெருப்பு வரும். உள்ள ஒரு பொடிக்கல்லு இருந்தா அதுவும் குண்டுதான். கிட்ட நின்னா கண்ணு போயிரும். சாவு வூட்ல இன்னொண்ணு வாணாம்."

"அப்ப எல்லாரும் எறங்கி வூட்டுக்குப் போவட்டும்" என்றார் பெரியப்பா.

கரையிலிருந்து அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் ஒன்றுமே தெரியாது. அப்பா மேலே பார்த்தார். சித்தி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சிதையையே பார்த்தபடி நின்றாள்.

"வேற எங்கயும் எடமில்லீங்களா ஏட்டய்யா?"

ஏட்டு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எடம் ஒண்ணுதான் இருக்குது. எங்க முதுகுக்குப் பின்னால."

அவர்கள் முதுகுக்குப் பின்னால் என்றால் சுடுகாட்டுக்குள்ளே, சிதைக்குப் பக்கத்தில்.

"அதெப்படிங்க? போலீசு சொன்னா எல்லாத்தையும் மாத்திப்புடறதா?" என்றார் பெரியப்பா.

"நான் எதையும் மாத்தலீங்க. சுடட்டுமா, வாணாமா, அத மட்டும் சொல்லுங்க. வாணாம்னா வண்டியேறிடறோம்."

மரியாதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்பா தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசிய ஆளில்லை. என் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு, "போயி சித்தியக் கூட்டியாடா" என்றார்.

கரையேறிப் போனேன். "சித்தி, அப்பா உள்ள வரச் சொல்றாரு."

"உள்ளயா?"

"ம். போலீஸ்காரங்களுக்குப் பின்னால."

பக்கத்து வீட்டு அக்கா அவள் கையைப் பிடித்தாள். "வாணாம் புள்ள. நாளைக்கி ஊரே பேசும்."

"பேசி முடிக்கட்டுங்க்கா" என்றாள் சித்தி. குழந்தையை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு என் பின்னால் இறங்கி வந்தாள். மற்றவர்கள் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள்.

"முகம் பாக்கறவங்க பாத்துக்கங்க" என்று வெட்டியான் குரல் கொடுத்தார். வறட்டி வைத்து மூடுவதற்கு முன் அவர் அப்படிச் சொல்வது வழக்கம். சித்தி தலைமாட்டுக்குப் போய் நின்றாள். யாரும் அவளை நெருக்கவில்லை, தள்ளவில்லை. ஏட்டு அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் கட்டளை கொடுத்தார். துப்பாக்கிகள் மேலே எழுந்தன. முதல் சத்தத்திலேயே நான் குனிந்து காதைப் பொத்திக்கொண்டேன். சித்தி பொத்தவில்லை. அவள் துப்பாக்கிப் பக்கம் திரும்பவே இல்லை.

ஊர் கொஞ்ச நாள் பேசியது. அப்புறம் பேச வேறு விஷயம் வந்துவிட்டது. எனக்கு அந்த ஏட்டின் மேல்தான் கோபம். வெறுந் தோட்டாவுக்குப் பயந்து சித்தியை எல்லார் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே என்று, ரொம்ப வருஷம் அப்படியே நினைத்திருந்தேன்.

போன மாதம் சித்தியை மொரப்பூரில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, முதுகு வலித்ததால் சுடுகாட்டோரம் வண்டியை நிறுத்தினேன். அங்கே யாரும் இல்லை. அன்றைக்குப் போலீஸ்காரர்கள் நின்ற இடத்தில் போய்க் கரையைப் பார்த்து நின்றேன். வலது பக்கம், தண்டவாளம் வரைக்கும் வெறும் பொட்டல். அன்றைக்கும் அது பொட்டல்தான், நாங்கள் மாடு ஓட்டிய இடம். வரிசையை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் கரையிலிருந்து ஒருத்தரும் இறங்க வேண்டியிருந்திருக்காது. குழாய்க்குள் பொடிக்கல்லைத் தேடிய மனிதர் அவ்வளவு பெரிய பொட்டலைப் பார்க்காமலா இருந்திருப்பார்? களைப்பில் தோன்றாமல் போயிருக்கலாம். இல்லை, மேட்டில் குழந்தையோடு சிதையையே பார்த்து நின்றவளை அவர் பார்த்திருக்கலாம், பார்த்துவிட்டே வரிசையைத் திருப்பாமல் விட்டிருக்கலாம். கேட்கலாம் என்றால் இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ.

நின்ற இடத்திலேயே வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுலபமாகத்தான் இருந்தது. அப்புறம், அவர் ஆட்களை நிறுத்தியிருந்தபடியே, மறுபடி கரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.